எல்லை கடந்து வடக்கன்குளத்துக்கு

கிறிஸ்தவரானதற்காகத் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் கொல்லப்பட்ட புனித தேவசகாயத்தைத் தேடிப் போகிறவர்கள் நட்டாலத்துக்குப் போவார்கள், அது அவர் பிறந்த ஊர். காற்றாடிமலைக்குப் போவார்கள், அங்கேதான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போவார்கள், அங்கே கல்லறை இருக்கிறது. மூன்றும் குமரி மாவட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர் மட்டும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப்பக்கம், நெல்லைச் சீமையில் இருக்கிறது. வடக்கன்குளம். கோவிலும் அதைச் சேர்ந்த மக்களுமான அந்தப் பங்கைப் பார்க்காமல் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புவது எனக்கு நிறைவாகவே இருந்ததில்லை. அதனால் இந்தத் தடவை அவர் வாழ்க்கை போன வரிசையிலேயே நாமும் போவது என்று முடிவு செய்து கிளம்பினோம். நான், என் மனைவி, எங்கள் அம்மச்சி.

அம்மச்சி பிறந்தது பாறசாலை. கட்டிக்கொடுத்தது களியக்காவிளைக்கு இந்தப்பக்கம். இன்று நடுவில் சோதனைச்சாவடி இருக்கிறது. அந்தப்பக்கம் மலையாளத்தில் பூசை, இந்தப்பக்கம் தமிழில் பூசை. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அது எல்லையே இல்லை. இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் அம்மச்சியின் தாய்வீடு வேறு மாநிலத்துக்குப் போனது. அதற்கு முன்பு ராஜ்யத்தின் எல்லை கிழக்கே, ஆரல்வாய்மொழியில் இருந்தது. மலைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்து ஒரு வாசல் மட்டும் விட்டுவைத்த இடம் அது. தேவசகாயத்தின் கதையில் பாதி இந்த வாசலை வைத்துத்தான் நடக்கிறது. ஞானஸ்நானம் பெறுவதற்கு அவர் அதைத் தாண்டிப் போனார். ஏழு ஆண்டுகள் கழித்து அதன் அருகிலேயே உயிரை விட்டார்.

நட்டாலத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள பசுமையான ஊர். மகா சிவராத்திரிக்குக் காவி கட்டி, கையில் விசிறியோடு 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு ஓடும் சிவாலய ஓட்டம் முன்சிறைத் திருமலையில் தொடங்கி, பன்னிரண்டாவது கோவிலாக இங்கே வந்து முடிகிறது. அந்த ஊரில் ஒரு நாயர் குடும்பத்தில் 1712 ஏப்ரல் 23-ல், பின்னாளில் தேவசகாயம் ஆன நீலகண்டன் பிறந்தார். வடமொழி, தமிழ், மலையாளம் மூன்றும் படித்தார், ஆயுதப் பயிற்சியும் பெற்றார். பத்மநாபபுரம் அப்போது ராஜ்யத்தின் தலைநகர். அங்கே நீலகண்டசுவாமி கோவிலில் அதிகாரியாக வேலை பார்த்தார். சிவாலய ஓட்டத்தில் ஏழாவதாக வரும் கோவில் அது. மனைவி பார்கவி அம்மாள். நல்ல உத்தியோகம், அரண்மனையில் மதிப்பு, சொந்தமாக நிலம். குறை சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்க்கை.

பிறகு நஷ்டம் வந்தது. மாடுகள் செத்தன, பயிர் போனது, சொத்து கரைந்தது என்று சொல்கிறார்கள். அந்த மனநிலையில்தான் அவர் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையிலிருந்த ஒரு வெளிநாட்டவரிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

அந்த வெளிநாட்டவர் டிலனாய். 1741 ஆகஸ்ட் 10 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது பிடிபட்ட படைத்தலைவர். பிடித்த ராஜாவே அவர் திறமையைப் பார்த்து, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். காலப்போக்கில் நாட்டுக்காரர்கள் அவரை வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, என்றே அழைத்தார்கள். உதயகிரியை டிலனாய் கோட்டை என்று சொல்கிற வழக்கமும் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் நாகர்கோவில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே அந்தக் கோட்டைச் சுவர் தெரியும். உள்ளே வனத்துறையின் பூங்காவைத் தாண்டிப் போனால் கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயம். அதற்குள்ளே டிலனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல். 1777 ஜூன் 1-ல் இறந்தார் என்று இருக்கிறது. மனைவியும், களக்காட்டுப் போரில் இறந்த மகனும் அங்கேயே அடக்கம். கடல் கடந்து சிப்பாயாக வந்து, தோற்று, தன்னைத் தோற்கடித்த ராஜாவிடமே வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து, இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்ட ஒரு கத்தோலிக்கர். நீலகண்டனுக்கு அவர் சொன்னது விவிலியத்திலுள்ள யோபு ஆகமத்தின் கதை: மாடு, நிலம், மக்கள் எல்லாம் இழந்தும் கடவுளைப் பழிக்காத ஒரு மனிதனின் கதை. நஷ்டத்தில் இருந்தவருக்கு அது எப்படித் தைத்திருக்கும் என்பதை அந்தக் கல்லறைக்கு முன்னால் நிற்கும்போது உணர முடிகிறது. அம்மச்சி கல்லறைக்கு ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, "இந்த மனுசனுக்கும் ஒரு பட்டம் குடுக்கலாம் மக்ளே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும். நீலகண்டன் கிறிஸ்தவராக விரும்பினால் பக்கத்திலேயே கிறிஸ்தவக் கோவில்கள் இல்லையா? இருந்தன. 1544-ன் கடைசி மாதங்களில் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் நடந்து நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தானே கடிதம் எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டுகளாகக் கடற்கரையில் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர், அதுவும் உயர்சாதிக்காரர், ராஜ்யத்துக்குள்ளேயே வேதத்தில் சேர்ந்தால் அவருக்கும் ஆபத்து, தண்ணீர் ஊற்றிய குருவுக்கும் ஆபத்து. டிலனாய் அரசரின் ஆள். அவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இயேசு சபைக் குரு ஜோவான்னி பத்திஸ்தா புத்தாரி இருந்தார். தமிழில் பரஞ்சோதிநாதர் என்று பெயர்.

நாங்களும் கோட்டாற்றில் இறங்காமல் நேராகக் கணவாயைத் தாண்டினோம். தோவாளைப் பூக்கடைகள் போனதும் காற்று மாறிவிடும். முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மலைக்கு மேற்கே ரப்பரும் வாழையும் தென்னையும். கிழக்கே வந்தால் பனையும் உடைமரமும் செம்மண்ணும். அன்று குதிரையிலோ கால்நடையாகவோ வந்த ஒருவருக்கு இது எவ்வளவு வேறு நாடாகத் தோன்றியிருக்கும்! காவல்கிணறு தாண்டி வடக்கன்குளத்துக்குள் போனபோது நல்ல வெயில். காலைப் பூசை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

கோவில் வராந்தாவில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மச்சியைப் பார்த்ததும் எழுந்து, "எங்கருந்தும்மா வாறிய?" என்று கேட்டார்.

"களியக்காவிளையிலேருந்து வாறோம். தேவசகாயம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிட்டின எடம் பாக்கணும்."

"அவ்வளவு தூரத்துலருந்தா? உள்ள வாங்க, மொத தண்ணி குடிங்க" என்று அவரே செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு எங்களோடு கோவிலுக்குள் வந்தார்.

வடக்கன்குளம் பழைய பங்கு. புனித அருளானந்தர் கால் பதித்த மண் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர் ஓரியூரில் தலைவெட்டப்பட்டது 1693-ல். அதாவது நீலகண்டன் இங்கே வந்தபோது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த அந்த வேதசாட்சியின் நினைவு ஊரில் பச்சையாகவே இருந்திருக்க வேண்டும். வந்தவரைப் பரஞ்சோதிநாதர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது மரபு. மனம் உறுதியா, பின்னால் வரப்போகும் துன்பம் தெரியுமா என்று சோதித்திருக்கிறார். 1745 மே 14-ல் ஞானஸ்நானம். விவிலியத்தின் லாசர் பெயர் அவருக்குத் தமிழில் தேவசகாயம் ஆனது. பின்னர் பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார்.

அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பாருங்கள். ரோமில் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15. எங்கள் பங்குக் கோவிலில் திரை கட்டி, வெடி போட்டு, பாயசம் வைத்துக் கொண்டாடினோம். அன்று எனக்கு இது தோன்றவில்லை; வடக்கன்குளத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. இந்தப் பங்கில் தண்ணீர் ஊற்றி 277 ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து அந்த அறிவிப்பு வந்திருக்கிறது. இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத ஒரு குடும்பஸ்தர் புனிதராவது இதுதான் முதல் தடவை. அந்தப் புனித வாழ்வு முளைத்த நாற்றங்கால் இந்தப் பங்கு.

இன்று நிற்கிற பெரிய கோவில் தேவசகாயம் பார்த்த கோவில் அல்ல. அது நூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. திருக்குடும்ப ஆலயம், 1872-ல் தொடங்கியது. இந்தக் கட்டடத்தைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இங்கே வருகிறவர்கள் பலரும் சுரூபத்தைக் கும்பிட்டுவிட்டு, கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்காமலேயே போய்விடுகிறார்கள்.

பீடம் ஒன்றுதான். ஆனால் மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஒன்றல்ல, இரண்டு. பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து போகிறது கோவில். கால்சட்டைக் கோவில் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்களாம். கட்டியவர்களுக்கு இது அழகு விஷயமாக இருக்கவில்லை. ஊரில் வேளாளர் கிறிஸ்தவர்களும் நாடார் கிறிஸ்தவர்களும் ஒரே கூடத்தில் இருந்து பூசை காண மாட்டோம் என்ற நிலை. வேளாளர் தரப்பு தனியிடம் கேட்டது. நாடார்கள் தாங்கள் தாழ்ந்தவர்கள் என்று ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். இரண்டு பக்கத்தையும் இழக்க விரும்பாத குருக்கள் கண்டுபிடித்த வழி இது: ஒரே பூசை, ஒரே பீடம், ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி நடுவில் சுவர்.

பழியை அந்தக் காலத்து ஊர்க்காரர்கள் மீது மட்டும் போடுவது நியாயமாகாது. இயேசு சபைக் குருக்கள் நடத்திய மதுரை மிஷன் தொடங்கிய நாள் முதலே சாதியோடு சமரசம் செய்துகொண்டுதான் நடந்தது. 1606-ல் மதுரை வந்த தத்துவபோதகர் நோபிலி, உயர்சாதியினரிடம் போவதற்காகக் காவி உடுத்தித் தனியாக வாழ்ந்தார். பிறகு 1640 அளவில் மற்றச் சாதியாரிடம் போவதற்கென்று பண்டாரசாமிகள் என்று வேறொரு பிரிவு குருக்களே உண்டாக்கப்பட்டார்கள். சுவிசேஷம் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதற்காகச் செய்தது. அவர்களுடைய தியாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சோறு தண்ணீர் இல்லாமல் நடந்து செத்தவர்கள் அவர்கள். ஆனால் ஆரம்பத்தில் விட்டுக்கொடுத்தது இருநூற்று முப்பது ஆண்டு கழித்து இங்கே செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுந்து நின்றது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

நான் ஒரு காலின் கடைசியில் போய் நின்று பீடத்தைப் பார்த்தேன். மனைவி மற்றொரு காலில் நின்றார். பீடம் தெரிந்தது; மனைவியைத் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே வந்த பெரியவர் அங்கே கொஞ்சம் தயங்கினார். பிறகு அவரே சொன்னார்: "மதிலு இருந்தது எங்க தாத்தா காலத்துல. இடிச்சாச்சு. இப்போ எந்தப் பக்கமும் யாரும் உக்காரலாம்."

இடித்தது 1910-ல். திருச்சபைத் தலைமையே முன்வந்து சுவரை எடுத்தது. வேளாளர் தரப்பு விடவில்லை. தங்கள் உரிமை பறிபோய்விட்டது என்று வழக்குப் போட்டது. அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. சுவர் போனது போனதுதான். இதைச் செய்ய அன்றைக்குத் துணிச்சல் வேண்டும். ஊரில் செல்வாக்குள்ள குடும்பங்கள் கோவிலை விட்டுப் போகலாம், காணிக்கை நிற்கலாம், கைகலப்பு வரலாம். எல்லாம் தெரிந்தே கடப்பாரை எடுத்தார்கள். கோவில் கட்டியவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறோம். என்னைக் கேட்டால் இந்தக் கோவிலில் இடித்தவர்களுக்கும் ஒரு கல் வைக்கலாம். 1872-ல் கட்டத் தொடங்கிய கோவில் உண்மையில் முழுமையானது 1910-ல்தான்.

தேவசகாயத்தின் வாழ்க்கையை இந்தச் சுவரோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர் சாதி பாராமல் எல்லாரோடும் கூடிப் பழகினார், எல்லாரும் சமம் என்று பேசினார். அரண்மனையில் பகை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று திருச்சபையின் ஆவணங்களே சொல்கின்றன. அப்படிப்பட்டவர் தண்ணீர் பெற்ற அதே பங்கில், அவர் இறந்து நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அவர் எதை உதறினாரோ அதற்காகவே ஒரு கோவில் இரண்டாகப் பிளந்து கட்டப்பட்டது. அவரை வேதசாட்சி என்று கும்பிட்டுக்கொண்டே இதைச் செய்திருக்கிறார்கள். புனிதர் பட்டத்துக்கு முன்பு வத்திக்கான் அவர் பெயரிலிருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. சாதிப் பெயர் வேண்டாம் என்று இங்கிருந்து போன வேண்டுகோளை ஏற்றுத்தான். எங்கள் பக்கம் சிலருக்கு அது வருத்தம். அம்மச்சிக்கு நாக்கில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அன்று திருக்குடும்ப ஆலயத்திலிருந்து வெளியே வரும்போது நான் அவரிடம் சுவர் கதையை மறுபடி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தவர், "அப்படியெங்கி எடுத்தது நல்லதுதான்" என்றார். அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க அவர் 'தேவசகாயம்' என்று மட்டுமே சொன்னார்.

ஞானப்பூ அம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் கொல்லப்பட்ட பிறகு அவர் சொந்த ஊரில் இருக்க முடியவில்லை. கணவர் ஞானஸ்நானத்துக்காகத் தாண்டிய அதே எல்லையைத் தாண்டி, வடக்கன்குளத்துக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே இறந்தார். தாய்வழிச் சொத்தும் உறவும் கெட்டியாக இருந்த நாயர் வீட்டுப் பெண், யாரும் இல்லாத ஊரில் ஒரு பங்கை நம்பி வந்து குடியேறியிருக்கிறார். விருந்தும் ஊர்வலமும் எல்லாம் தேவசகாயத்துக்கு நடக்கின்றன, நடக்கட்டும். ஆனால் ஏழு ஆண்டு விசுவாசத்துக்கு மூன்று ஆண்டுச் சித்திரவதையை அவர் விலையாகக் கொடுத்தார் என்றால், அந்த விசுவாசத்தோடு தனியாக ஒரு வாழ்நாளையே ஓட்டியவர் இவர். வடக்கன்குளத்தில் என் மனைவி சொன்ன செபமாலை முழுவதும் ஞானப்பூ அம்மாளுக்காகத்தான். விதவைகளுக்கும், கணவர் வெளிநாட்டில் இருக்க வீட்டைத் தனியாகச் சுமக்கிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்கும் அவரிடம் பேச நிறைய இருக்கிறது.

மதியத்துக்கு மேல் திரும்பினோம். கணவாயை மறுபடி தாண்டும்போது எதிர்க்காற்று.

தேவசகாயத்தைக் கைது செய்தது 1749 பிப்ரவரி 23-ல். ராஜத்துரோகம் என்று குற்றச்சாட்டு. கைகளைப் பின்னால் கட்டி, எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவருவது. கசையடி, புண்ணில் மிளகாய்ப்பொடி, வெயிலில் தாகம். புலியூர்க்குறிச்சியில் அவர் தாகத்தில் செபித்து முழங்கையால் பாறையை இடித்தபோது தண்ணீர் சுரந்ததாம்; முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்கே பெயர். இன்றும் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். காலையில் நாங்களும் பிடித்து வைத்திருந்தோம். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். அங்கே அவரைப் பார்க்க ஜனங்கள் கூடத் தொடங்கினார்கள், நோயாளிகள் வந்து ஆசீர் கேட்டார்கள். தண்டனை கொடுக்க வைத்த இடம் செபம் கேட்கிற இடமாக மாறியது. அதன் பிறகு எல்லைக்குக் கொண்டுபோனார்கள்.

எல்லையில் வைத்திருந்தபோது தப்பிப்போவது கடினமாக இருந்திருக்காது. அந்தப்பக்கம் அவரை அறிந்த குருக்கள் இருந்தார்கள், ஞானஸ்நானம் கொடுத்த பங்கு இருந்தது. அவர் போகவில்லை. 1752 ஜனவரி 14 இரவில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

மலையடிவாரத்தில் வியாகுல அன்னை கோவில். ஊருக்கே தேவசகாயம் மவுண்ட் என்று பெயர். மேலே ஏறுகிற வழியில் அம்மச்சி அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்; பிடித்துக்கொள்ளக் கை நீட்டினால் வாங்கவில்லை. மேலே மணியடிச்சான் பாறை. அவரைச் சுட்டபோது உச்சியிலிருந்து ஒரு பாறை உருண்டு மணிபோல் ஒலித்தது என்பார்கள். கல்லால் தட்டினால் இன்றும் வெண்கல ஓசை வரும். பிள்ளைகள் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மச்சியும் ஒரு சின்னக் கல்லை எடுத்து மூன்று தடவை தட்டினார், பிதா சுதன் பரிசுத்த ஆவிக்கு என்று. அங்கிருந்து கிழக்கே பார்த்தால் காலையில் நாங்கள் போய்வந்த சமவெளி. வடக்கன்குளமும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. சுடப்பட்ட இரவில் இருட்டில் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பகலில் இந்த மலைக்காட்டில் கட்டிவைக்கப்பட்டிருந்த நாட்களில் தன்னைக் கிறிஸ்தவனாக்கிய மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

கோட்டாறு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. சுட்டவர்கள் உடலைக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சில நாட்கள் கழித்து மக்கள் தேடிப்போய் எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து இந்தச் சவேரியார் கோவிலில், பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். அரசனால் துரோகி என்று கொல்லப்பட்டவரைக் கோவிலின் நடுவே புதைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. 1544-ல் படையெடுத்து வந்த வடுகர் படையைச் சவேரியார் சிலுவையை உயர்த்தி நிறுத்தினார், அதற்கு நன்றியாக வேணாட்டு அரசர் அவரை வலிய பண்டாரம் என்று அழைத்துக் கோவிலுக்கு இடம் கொடுத்தார் என்பது கோட்டாற்றின் மரபு. ஒரு அரசர் கொடுத்த இடத்தில், பின்னால் வந்த ஒரு அரசர் கொன்றவருக்கு இடம் கிடைத்தது. 1930 மே 26-ல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து கோட்டாறு பிரிந்தபோது இந்தக் கோவில் பேராலயம் ஆனது. 2014-ல் எங்கள் பகுதி குழித்துறை என்று தனி மறைமாவட்டமாகப் பிரிந்துவிட்டது. இருந்தாலும் டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்குக் கோட்டாறு போகாவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. தேருக்குப் பின்னால் சாலையில் விழுந்து எழுந்து கும்பிடு நமஸ்காரம் போடுகிறவர்களும், உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறவர்களுமாக அன்று வழியெல்லாம் ஜனம். மதம் பார்த்து யாரும் வருவதில்லை.

அன்று கூட்டமில்லை. கல்லறைக்கு முன் முட்டிபோட்டோம். அம்மச்சி வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 14-க்குக் காற்றாடிமலைக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேனை மலையடிவாரத்தோடு திருப்பிவிடாதீர்கள். அங்கிருந்து காவல்கிணறு வழியாக வடக்கன்குளம் போக அதிக நேரம் ஆகாது. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு நாகர்கோவிலிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் வசதி இருக்கிறது. பொங்கல் சமயமாதலால் பஸ்ஸில் நெரிசல் இருக்கும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முந்தின நாளே வடக்கன்குளத்தை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை மலைக்கு ஏறலாம். திருக்குடும்ப ஆலயத்தில் இரண்டு கால்களிலும் ஒருதடவை உட்கார்ந்து செபியுங்கள். ஞானப்பூ அம்மாளுக்காக ஒரு பூமாலை தோவாளையிலேயே வாங்கிக்கொள்ளலாம், அங்கே விலை மலிவு.